தம்பியின் ஸ்லைடில் பார்த்த சுள்ளிக்கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். எங்கள் கடைசித் தங்கைக்குப் பார்த்திருக்கும் இடம் அவர்களுடையது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து முடிந்து, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பேசிக்கொண்டிருக்கிற நேரம். நலம் விசாரித்தார், கொஞ்சம் தயங்கினார், அப்புறம் கேட்டுவிட்டார்: "உங்க தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்துதாமே, அது உங்க வம்சத்து ரத்தத்துல இருக்கறதாம்மா?"

நேராகக் கேட்டதால் அவர்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. இதற்கு முன் வந்த ஒரு இடம் எதுவும் கேட்காமலே பேச்சை நிறுத்திக்கொண்டது. தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போனில் பத்து நிமிஷம் பேசினேன். போதவில்லை என்று பட்டது, அதனால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பல வருஷமாக டெக்னீஷியன். வீடு ஏகாம்பரகுப்பத்தில், நகரிக்கு ஒட்டினாற்போல. பஸ் பலகை தெலுங்கில் இருக்கும், வீட்டுக்குள் தமிழ் பேசுவோம், அப்பாவை நைனா என்போம். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச்சத்தம். நான் எழுதுவதில் தறி வந்துகொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்ல முடியும்.

2019 ஆடிக் கிருத்திகை. தம்பிக்கு அப்போது 26 வயது. நைனாவுக்குக் கண் மங்கிய பிறகு வீட்டு விசைத்தறிகளை அவன்தான் ஓட்டுகிறான். வருஷா வருஷம் திருத்தணிக்குப் புஷ்பக் காவடி எடுப்பான். அந்த வருஷமும் எடுத்தான். படி ஏறும்போது நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தான் என்று கூடப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். மறுநாள் சட்டையைக் கழற்றியபோது, காவடித் தண்டு அழுத்திய இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "காவடி அழுத்தினது" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே கடுகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. வேட்டி மறைத்துவிட்டது.

அப்புறம் பல் விளக்கும்போது ரத்தம். ஒரு கிளினிக்கில் ஈறு பிரச்சினை என்று பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ராத்திரி முழுக்கத் தலையணை நனைந்தது. இன்னொரு இடத்தில் பிளேட்லெட் குறைவாக இருக்கிறது, டெங்குவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்போது ஊரில் டெங்கு இருந்தது நிஜம்தான். அவர்கள் பெயரெல்லாம் இங்கே வேண்டாம். ஆனால் இப்படியே ஆறு நாள் போனது. இந்த நோயில் ஆறு நாள் மிக நீண்ட காலம்.

ஏழாம் நாள் நானே அவனை லேபுக்கு அழைத்துவந்து ரத்தம் எடுத்தேன். மெஷின் எண்களைக் கொடுத்தது: ஹீமோகுளோபின் 8.1, வெள்ளையணு 1,800, பிளேட்லெட் 19,000. இந்த எண்களை மட்டும் பார்த்தால் டெங்குவிலும் வெள்ளையணு குறையும், பிளேட்லெட் குறையும். ஹீமோகுளோபின்தான் உறுத்தியது. டெங்குவில் ரத்தம் கெட்டிப்படும், இப்படி வெளுக்காது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது.

ஸ்மியர் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடி ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஒரு சின்னத் துளி ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும். நிறுத்தி இழுத்தால் கோடு விழும். நாக்கு நுனி மாதிரி மெலிந்து முடிகிற படலம் கிடைக்கும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, பஃபர் சேர்த்து, கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸில் பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் நிறைய, நடுவில் வெளுத்து. வெள்ளையணுவைத் தேட வேண்டியிருந்தது. நாலைந்து இடம் தள்ளிப் போன பிறகு ஒன்று வந்தது.

அளவில் பெரியது. கரு நடுவில் இடுங்கி, இரண்டு புளியங்கொட்டையை ஒட்டிவைத்த மாதிரி. சுற்றிலும் ஊதா நிறக் குருணை, கரு விளிம்பே மறையும் அளவுக்கு. அந்தக் குருணைக்குள் மெல்லிய சிவந்த குச்சிகள், ஒன்றல்ல, ஏழெட்டு, குறுக்கும் நெடுக்குமாக. காட்டுக்குப் போய்ப் பொறுக்கிக் கட்டிய சுள்ளிக்கட்டு அப்படியே ஒரு செல்லுக்குள் கிடந்தது. ஆவர் குச்சிகள் என்பார்கள், ஒரு வகை ரத்தப் புற்றுநோயின் அடையாளம். படிக்கும்போது புத்தகப் படத்தில் பார்த்ததோடு சரி. ஸ்லைடில் முதல் தடவையாகப் பார்க்கிறேன், அதுவும் வெளியே பெஞ்சில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தம்பியின் ரத்தத்தில்.

எங்கள் லேபுக்கு ரிப்போர்ட் பார்க்கும் டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டார். "காலையில போகலாம்னு வைக்காதீங்க. இப்பவே வேலூருக்குக் கிளம்புங்க. வண்டியில குலுங்காம படுக்க வைங்க." வேறு எதுவும் சொல்லவில்லை. சோளிங்கர், ராணிப்பேட்டை வழியாகப் போனோம். அவன் அடிக்கடி சொம்பில் துப்பினான். நான் சொம்பைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா ஸ்லைடைப் பார்த்துவிட்டு வந்தார். மரபணுச் சோதனை முடிவு வர நாள் ஆகும், அதற்குக் காத்திருக்கக் கூடாது என்று அன்று ராத்திரியே ஒரு கேப்ஸ்யூலை ஆரம்பித்தார்கள். கூடவே பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ஏறின. கீமோ இல்லையா என்று கேட்டேன். "இந்த செல்லுங்கள கொல்றதுக்கு முன்னால, வளர விட்டுப் பார்க்கப் போறோம்" என்றார். 'வளர விட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புற்றுநோயை வளர விடுவதா? அதை முழுக்கப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நம் எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு ஒரே நாளில் உருவாவதில்லை. தாய் அணுவிலிருந்து மையலோபிளாஸ்ட், அதிலிருந்து புரோமையலோசைட், அப்புறம் மையலோசைட் என்று படிப்படியாக வளர்ந்து, கடைசியில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் ஆகும். ஆன பிறகு அதற்கு ஆயுசு கொஞ்சம்தான். வேலையைச் செய்யும், செத்துப்போகும், புதியது வரும். தம்பிக்கு வந்த நோய்க்கு அக்யூட் புரோமையலோசைடிக் லுக்கீமியா என்று பெயர். அதில் அணுக்கள் புரோமையலோசைட் படியில் நின்றுவிட்டன. மேலே போகவும் இல்லை, சாகவும் இல்லை. அந்தப் படியிலேயே நின்றுகொண்டு பெருகின. இடம் முழுவதையும் அவை பிடித்துக்கொண்டதால் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் உருவாக இடமில்லை. போதாததற்கு அவற்றிலிருந்து கசியும் பொருட்கள் உடம்பெங்கும் சின்னச் சின்ன உறைதலைக் கிளப்பி, உறைவதற்கான சரக்கையே தீர்த்துவிடும். பிறகு ரத்தம் நிற்காது. 1957இல் நார்வேயில் ஹில்லஸ்டாட் என்ற மருத்துவர் இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டு எழுதியபோது, சில வாரங்களில் உயிரை எடுக்கும் நோய் என்றுதான் எழுதினார்.

ஏன் அந்தப் படியில் நிற்க வேண்டும்? இங்கேதான் மரபணு வருகிறது.

நைனா கைத்தறியில் சேலை நெய்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளை போட்ட அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை பெட்டிக்கு நேராக வரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கி தன் இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு இழை கீழேயே நிற்கும். பாவு ஒன்றுதான். எந்த இழை எப்போது எழுகிறது என்பதில்தான் மாங்காயும் கோபுரமும் உருவாகின்றன.

உடம்பிலும் அப்படித்தான். ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணில் இருக்கும் செல்லுக்கும் கல்லீரலில் இருக்கும் செல்லுக்கும் அதே 20,000தான். எதை எழுப்புவது, எதைக் கிடப்பில் போடுவது என்பதில்தான் ஒன்று கண்ணாகிறது, ஒன்று கல்லீரலாகிறது. ஒரு மரபணுவை எழுப்பி ஆர்என்ஏ நகலாக எடுப்பதைப் பள்ளிப் புத்தகத்தில் படியெடுத்தல் என்று போட்டிருப்பார்கள். எந்தப் பக்கத்தைப் படியெடுக்கலாம் என்று தீர்மானிக்கவே சில புரதங்கள் இருக்கின்றன. அவை டிஎன்ஏ மேல் போய் உட்கார்ந்து, வேண்டிய பகுதியைத் தளர்த்தும் அல்லது இறுக்கும். தார்க்குச்சியில் நூல் இறுகச் சுற்றியிருந்தால் இழை வராது அல்லவா? டிஎன்ஏவும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் அப்படித்தான் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகினால் வாசிக்க முடியாது, தளர்ந்தால் வாசிக்கலாம்.

அப்படித் தளர்த்தி இறுக்கும் புரதங்களில் ஒன்று ரார்-ஆல்ஃபா. டிஎன்ஏ தனித்தனிக் கட்டுகளாக இருக்கும், ஒவ்வொரு கட்டும் ஒரு குரோமோசோம். இதன் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. வெள்ளையணு வளர்வதற்கான மரபணுக்களின் வாசலில் அது காவல் நிற்கும். சும்மா இருக்கும்போது பூட்டி வைத்திருக்கும். வைட்டமின் ஏவிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் வந்து தொட்டதும் பூட்டைத் திறக்கும். படியெடுத்தல் தொடங்கும், அணு அடுத்த படிக்கு ஏறும்.

தம்பியின் மஜ்ஜையில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரே ஒரு அணுவில், 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் அறுந்திருக்கின்றன. செல்லுக்குள் அறுந்ததை ஒட்டும் வேலை எப்போதும் நடக்கும். ஒட்டும்போது முனை மாறிவிட்டது. ஒரு தடவை எங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. இரண்டு அட்டைச் சரங்களின் கயிறு இற்றுப்போய், நைனா ராத்திரி விளக்கில் கோத்தபோது ஒன்றின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் சேர்ந்துவிட்டன. எந்த அட்டையிலும் ஒரு துளைகூடக் கெடவில்லை. ஆனால் மறுநாள் கரையில் பாதி மாங்காயில் கோபுரம் முளைத்திருந்தது. அந்த நெய்ததை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி கோத்தார்.

செல்லில் அறுத்தெடுக்க ஆள் இல்லை. 15இல் இருந்த பிஎம்எல் என்ற மரபணுவின் பாதியும் 17இல் இருந்த ரார்-ஆல்ஃபாவின் பாதியும் சேர்ந்து ஒரு ஒட்டுப் புரதம் பிறந்தது. அதுவும் அதே வாசலில் போய் நிற்கிறது. ஆனால் பூட்டை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சாதாரணமாக இருக்கும் ரெட்டினாயிக் அமிலம் தட்டினால் திறப்பதில்லை. வளர்ச்சிக்கான மரபணுக்கள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, ஆனால் யாரும் வாசிக்க முடியாது. இந்த இடத்தைப் புரிந்துகொண்ட அன்று நான் லேபில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அந்தச் சுள்ளிக்கட்டு அணுக்களை எதிரி என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவை வளரத் தெரிந்தவை, வளர விடப்படாதவை.

குரோமோசோம்கள் இப்படி இடம் மாறியிருப்பதை அமெரிக்காவில் ஜேனட் ரௌலி 1977இல் கண்டுபிடித்தார். ஆனால் மருந்து வந்தது வேறு பக்கத்திலிருந்து. ஷாங்காயில் வாங் சென் யி என்ற மருத்துவர், கெட்ட அணுவைக் கொல்லாமல் நல்ல அணுவாக மாற்ற முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். 1985இல் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, கீமோ பலிக்காமல், சாகும் நிலையில் வந்தது. ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. 1988இல் அவர் குழு 24 பேருக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டது. 23 பேருக்கு அந்த ஒரு மருந்திலேயே நோய் அடங்கியது. மீதி ஒருவருக்குக் கொஞ்சம் கீமோ சேர்க்க வேண்டியிருந்தது. பூட்டு எது என்று சரியாகத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். அதிக அளவில் ரெட்டினாயிக் அமிலம் போய் மோதினால் அந்த ஒட்டுப் புரதம் பிடியை விடுகிறது, தானும் சிதைகிறது. ஆஸ்பத்திரியில் ஆட்ரா என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அது இதுதான். தம்பிக்கு முதல் ராத்திரி கொடுத்த கேப்ஸ்யூலும் இதுதான்.

வைட்டமின் ஏ என்றதும் அம்மா முருங்கைக்கீரையும் மாம்பழமுமாகக் கொண்டுவந்து குவித்தார். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் மாம்பழத்துக்கா பஞ்சம்? சாப்பிடலாம், நல்லதுதான். ஆனால் அதில் பூட்டுத் திறக்காது. மருந்தின் அளவு பல மடங்கு. கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்குவது ஈரலைக் கெடுக்கும், கர்ப்பிணிக்கு ஆபத்து. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு மருந்தின் பெயரைக் கேட்டு நைனா எழுந்து நின்றுவிட்டார். ஆர்செனிக் டிரையாக்சைடு. சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதேதான். தினமும் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இதைச் சீனாவில் ஹார்பின் நகரத்தில் 1970களில் ஆரம்பித்தார்கள். ஒட்டுப் புரதத்தின் ரார் பாதியை ஆட்ரா பிடிக்கிறது, பிஎம்எல் பாதியை ஆர்செனிக் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் இழுத்துப் புரதத்தை உடைத்துப் போடுகின்றன. எங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், ஆர்செனிக் ஒன்றை மட்டுமே கொடுத்து 72 நோயாளிகளைப் பார்த்துவந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. விலை கூடிய மருந்துகளை எல்லாராலும் வாங்க முடியாத ஊரில் செய்த வேலை அது. உலகம் முழுக்க அதைப் படித்தார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 2013இல் இத்தாலியும் ஜெர்மனியும் சேர்ந்து, வெள்ளையணு 10,000க்கு மேல் போகாத நோயாளிகளிடம் ஆட்ராவும் ஆர்செனிக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 97 சதவீதம் பேர் நோய் அடங்கி, திரும்ப வராமல், உயிரோடு இருந்தார்கள். கீமோவோடு ஆட்ரா எடுத்தவர்களில் அது 86 சதவீதம். நைனாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பாஷாணத்த அளந்து குடுக்கறவங்க கை நடுங்காம இருக்குமா?" அந்த அளவைத் தினமும் எடை பார்த்துக் கணக்குப் போட்டார்கள், இதயத் துடிப்பின் ஈசிஜி பார்த்தார்கள், பொட்டாசியம் பார்த்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் பாஷாணம் வாங்கிச் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி தம்பிக்கு மூச்சு வாங்கியது. உடம்பு எடை நாலு கிலோ கூடியிருந்தது, கால் வீங்கியது, காய்ச்சல். வெள்ளையணு 1,800இலிருந்து 19,000 ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. டாக்டரம்மா எதிர்பார்த்தே இருந்தார். அடைபட்டிருந்த அணுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வளரத் தொடங்கும்போது அவை நுரையீரல் வரை போய் நிறைந்துவிடும், இந்தச் சிகிச்சையில் வரக்கூடிய கண்டம் இது என்று சொல்லி டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார். மூன்று நாள் ஆக்ஸிஜன். நாலாம் நாள் இட்லி கேட்டான்.

அந்த வாரத்தில்தான் ஒரு நல்ல மனிதரைச் சந்தித்தேன். அங்கே லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன். நானும் அதே தொழில் என்று தெரிந்ததும், தம்பியின் அன்றைய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். "பாருங்கம்மா, இது அடிக்கடி கிடைக்காது."

நன்றாக முதிர்ந்த நியூட்ரோஃபில் ஒன்று. கரு நாலு முடிச்சாகப் பிரிந்து, இடையில் மெல்லிய நூல். குருணையெல்லாம் பொடியாகி, வெளிர் ரோஜா நிறம். எந்தப் புத்தகத்திலும் ஆரோக்கியமான அணு என்று போடக்கூடிய அணு. அதன் ஓரத்தில், சிவந்து மெலிந்து, ஒரே ஒரு குச்சி. சுள்ளிக்கட்டில் மிச்சமானது. அதாவது இது புதிதாகப் பிறந்த நல்ல அணு இல்லை. ஏழாம் நாள் நான் திருத்தணியில் பார்த்தேனே, அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் வளர்ந்து இங்கே வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லா நியூட்ரோஃபிலையும் போல ஆயுசு முடிந்து போய்விடும். நான் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் பின்னால் நின்று காத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். புற்றுநோய் என்றால் மரபணு கெட்டுப்போவது என்று ஒரு வரியில் படித்துத் தேர்வு எழுதியவள் நான். எழுத்துப் பிழை ஒரு வகைதான். வாசிக்கும் அளவு மாறிப்போவதாலும் புற்றுநோய் வரும். பர்க்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில், மிக் என்ற மரபணு 8ஆம் குரோமோசோமிலிருந்து அறுந்து பெரும்பாலும் 14க்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. 14இல் அந்த இடம் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் மரபணுவின் இடம். அங்கே வாசிப்பு ஓயாமல் நடக்கும். மிக் அங்கே போய் உட்கார்ந்ததால் அதையும் ஓயாமல் வாசிக்கிறார்கள். அது பெருகு பெருகு என்று கட்டளை போடும் புரதம். இன்னொன்று 2013இல் தெரியவந்தது: தோலில் வரும் மெலனோமா புற்றுநோயில், டெர்ட் என்ற மரபணுவுக்கு உள்ளே இல்லை, அதற்கு முன்னால் உள்ள வாசல் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மரபணு சொல்லும் புரதம் மாறவே இல்லை. வாசல் மட்டும் திறந்தே கிடக்கிறது, செல்லுக்குச் சாகாத வரம் கிடைத்துவிடுகிறது.

பி53 பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அதுவும் 17ஆம் குரோமோசோமில் இருப்பதுதான். அதுவும் மற்ற மரபணுக்களை எழுப்பும் புரதம். டிஎன்ஏ சேதமானால், செல் பிரிவதை நிறுத்து, பழுது பார், முடியாவிட்டால் செத்துப்போ என்று சொல்லும் மரபணுக்களை அது எழுப்பும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒன்று கெட்டிருக்கிறது. ஒரு காவலாளி போனால் அவன் எழுப்ப வேண்டிய அத்தனை பேரும் தூங்குகிறார்கள். இத்தனை நோய்களுக்கும் தம்பிக்கு வந்தது போல் ஒரு திறவுகோல் கிடைத்துவிடவில்லை. பலவற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல பழுதுகள் சேர்ந்திருக்கும். தம்பிக்கு ஒரே பூட்டு, அதற்குப் பொருந்தும் சாவியும் இருந்தது. அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்களை அதே வார்டில் பக்கத்துக் கட்டில்களில் பார்த்தேன். அவர்களை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை.

சரி, புத்தூர் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா, அந்த முனை மாறிய ஒட்டு என் தம்பி பிறந்தபோது இல்லை. அவன் மஜ்ஜையில், வளர்ந்த பிறகு, ஒரே ஒரு அணுவில் நடந்தது. அந்த அணுவின் வாரிசுகளில் மட்டும் இருந்தது. அவன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் 15ம் 17ம் முழுசாக, அதனதன் இடத்தில் இருக்கும். பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் உள்ளது மட்டும்தான். மஜ்ஜையில் நடந்தது அங்கே போகாது. அவன் பிள்ளைக்கே வராதது, அவன் தங்கைக்கு எப்படி வரும்? ரத்தப் புற்றுநோய் என்ற பெயரில் 'ரத்தம்' இருப்பதால் ரத்த சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறோம். பெயர் செய்கிற தொல்லை அது.

வழிவழியாக வரும் புற்றுநோயே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்தால் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரக்கூடும். அதுவும் அதே 17ஆம் குரோமோசோமில், ரார்-ஆல்ஃபாவுக்கு அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சோதனை உண்டு, செய்துகொள்வது நல்லது. ஆனால் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் பிறவியிலேயே வந்த பழுதால் ஏற்படுபவை 5 முதல் 10 சதவீதம்தான். எங்கள் வீட்டில் நடந்தது அந்த வகை இல்லை.

எங்கள் அம்மா வேறு மாதிரி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். மொட்டை வேண்டுதலைத் தள்ளிப் போட்டதாலா, சாயப்பட்டறைத் தண்ணீரா, அவனை ராத்திரியில் தறி ஓட்ட விட்டதாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் என்று எதையும் கை காட்ட முடியாது. முன்பு வேறு புற்றுநோய்க்குச் சில வகைக் கீமோ எடுத்தவர்களுக்கு வருவது உண்டு, தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. "யாரும் ஒண்ணும் செய்யலம்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மொட்டை மட்டும் போட்டுவிட்டு வந்தார்கள், அவனும் அம்மாவும் இரண்டு பேரும்.

முதல் சிகிச்சை முடிந்து மஜ்ஜை எடுத்தபோது நோய் அடங்கியிருந்தது. பிறகு சில மாதங்கள் ஆர்செனிக்கும் ஆட்ராவும் விட்டு விட்டுத் தொடர்ந்தன. காட்பாடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் எத்தனை ரயில் என்று எனக்கு மனப்பாடம். பிசிஆர் சோதனையில் அந்த ஒட்டு மரபணுவின் ஆர்என்ஏ நகல் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்று வந்தது. அடுத்த தடவையும் இல்லை. இப்போது தறி ஓட்டுகிறான், சத்தம் போடுகிறான், தங்கை கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் பேரம் பேசுகிறான். புத்தூர் அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். தம்பியின் ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

லேபில் நான் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மூன்று எண்ணும் குறைந்து வந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று சொன்னால், டெங்கு என்று எழுதியிருந்தாலும் ஸ்மியர் போடாமல் ரிப்போர்ட்டை விடுவதில்லை. கால் மணி நேர வேலை. போன மாதம் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன், 17 வயது, பிளேட்லெட் 24,000, மூக்கில் ரத்தம். அவன் அப்பா கவுண்டரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாயம் காய்ந்ததும் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, இரண்டு தடவை. பருத்து, ஓரம் நீலம் ஓடிய லிம்போசைட்டுகள் (வெள்ளையணுவில் ஒரு வகை), டெங்குவில் வருவது மாதிரியே. குச்சி எங்கேயும் இல்லை. டெங்கு சோதனையும் பாசிட்டிவ். வெளியே போய் அவன் அப்பாவிடம், "டெங்குதாங்க, இன்னிக்கே அட்மிட் பண்ணி டிரிப்ஸ் போடச் சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டெங்குவுக்கு ஏன் இந்த அம்மா இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று யோசித்திருப்பார்.